சோல்பரிப் பிரபுவும் 29ஆம் பிரிவும்

யாழ்ப்பாணத்தில் அரசியல் கதை எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் சோல்பரியில் வந்து நிற்கும். "சோல்பரி எங்களை ஏமாத்திப்போட்டான்" எண்டு ஒராள் சொல்லுவார். "இல்லை, அவன் 29ஆம் பிரிவைத் தந்திட்டுத்தான் போனவன், பிறகு வந்தவைதான் அதை அழிச்சவை" எண்டு இன்னொராள் சொல்லுவார். இரண்டு பேரும் கதைச்சுக் களைச்ச பிறகும் ஒரு கேள்வி அப்படியே கிடக்கும். ஆர் இந்தச் சோல்பரி? அந்த மனுசன் எங்கேயிருந்து வந்தவர், என்ன செய்தவர், கடைசியில் தான் செய்ததைப் பற்றி என்ன நினைத்தவர்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வில்லனும் கிடைக்காது, மீட்பரும் கிடைக்காது. தன்னுடைய நாட்டில் நல்லாய் வேலை செய்த ஒரு நம்பிக்கையை இன்னொரு நாட்டிலும் வேலை செய்யும் என்று நினைத்த ஒரு பழைய பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்தான் கிடைப்பார். அந்த நம்பிக்கையின் விலையை முதலில் குடுத்தது நாங்கள் கூட இல்லை. மலையகத் தமிழர்.

அவருக்கு முதல் வந்தவர்கள்

சோல்பரி வருமுன்னமே ஆணைக்குழுக்களோடு சண்டை பிடிச்சுப் பழகின ஊர் இது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலி வளவில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவரே 1930இல், தள்ளாத வயதில், டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை எதிர்த்து முறையிட லண்டன் போனார். எல்லாருக்கும் வாக்குரிமை குடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருசக் கடைசியில் அவர் காலமானார்.

அடுத்த வருசம் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அதே டொனமூர் யாப்பை நேர் எதிரான காரணத்துக்காக எதிர்த்தது. பூரண சுயாட்சி இல்லாத யாப்பு எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். கிழவர் "கூடிப்போச்சு" என்றார், பெடியள் "காணாது" என்றார்கள். லண்டனில் இருந்து வருகிற எந்த அறிக்கையும் யாழ்ப்பாணத்தில் சும்மா போனதில்லை.

அந்த டொனமூர் ஆணைக்குழுவிலும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார்: எடின்பரோவின் தொழிற்கட்சி உறுப்பினர் டொக்டர் டிரமண்ட் ஷீல்ஸ். அவர் இடதுசாரிப் பக்கம். 1944இல் வந்தவர் அதற்கு மறுபக்கம்.

லங்காஸ்டரின் உறுப்பினர்

சோல்பரி என்பது பட்டப் பெயர்தான். ஆளின் சொந்தப் பெயர் ஹேர்வால்ட் ராம்ஸ்பொத்தம். 1887இல் பிறந்தவர். அப்பிங்கம் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்தவர். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டு மிலிட்டரி குரொஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கினார்.

1929 பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் லங்காஸ்டர் தொகுதியில் வென்று மக்கள் சபைக்குப் போனார். பிரித்தானியாவில் 21 வயதுப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் அது. இலங்கையில் ஆண் பெண் எல்லாருக்குமான வாக்குரிமை வந்தது 1931இல். இரண்டே இரண்டு வருச வித்தியாசம்.

12 வருசம் அவர் அந்தத் தொகுதியின் உறுப்பினர். மேடையில் தீப்பொறி பறக்கப் பேசுகிற ஆள் இல்லை. அமைச்சுகளில் வேலை பார்த்து மெல்ல மெல்ல மேலே போனவர். கல்விச் சபையின் பாராளுமன்றச் செயலாளர், பிறகு விவசாய அமைச்சில் அதே பதவி, 1936 முதல் ஓய்வூதிய அமைச்சர், 1939இல் பொது வேலைகளுக்குப் பொறுப்பான ஆணையாளர், 1940இல் கல்விச் சபையின் தலைவர். கடைசிப் பதவி எங்கள் பாஷையில் கல்வி அமைச்சர்.

யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்ற திட்ட வரைவு அவர் காலத்தில்தான் தயாரானது. ஆனால் 1941 நடுப்பகுதியில் சேர்ச்சில் அவரை மாற்றிப்போட்டு அந்தக் கதிரையை பட்லருக்குக் குடுத்தார். 1944ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கல்விச் சட்டம் பட்லரின் பெயரோடு நிற்கிறது. ராம்ஸ்பொத்தத்துக்குக் கிடைத்தது பிரபுக்கள் சபையில் ஒரு இருக்கையும் 'சோல்பரிப் பிரபு' என்ற பட்டமும். சோல்பரி என்பது பக்கிங்காம்ஷயரில் உள்ள ஒரு சின்னக் கிராமம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கோ. அவர் 12 வருசம் இருந்த நாடாளுமன்றத்துக்கு எழுதின அரசியல் யாப்பு கிடையாது. அடிப்படை உரிமைகள் என்று ஒரு பட்டியலும் கிடையாது. நாடாளுமன்றம் செய்கிற எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்று தள்ள முடியாது. எல்லாத்தையும் தாங்கிப் பிடிப்பது வழக்கமும் மரபும், 'இப்படிச் செய்வது முறையில்லை' என்று ஆளும் கட்சிக்கே இருக்கிற ஒரு கூச்சமும்தான். அந்த வீட்டில் வளர்ந்தவரைத்தான் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட அனுப்பினார்கள்.

நூறு நாள் கொஞ்சம்

1944 ஓகஸ்டில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் உருவானது. அந்த வருச டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு கொழும்பில் வந்து இறங்கியது. மூன்று பேர்: தலைவராகச் சோல்பரி, தொழிற்சங்கத்தில் இருந்து வந்த சேர் பிரெட்ரிக் பரோஸ், கார்டிவ் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபர் ரீஸ். 1945 ஏப்ரலில் திரும்பிப் போய்விட்டார்கள். இந்தத் தீவின் எதிர்காலத்தை எழுத அவர்கள் இங்கே நின்ற காலம் நூறு நாளுக்குக் கொஞ்சம் கூட.

அமைச்சர்கள் ஏற்கனவே ஒரு வரைவைத் தயாரித்து வைத்திருந்தார்கள். அதை எழுதுவதில் பெரிய பங்கு ஐவர் ஜெனிங்ஸுடையது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்தான். சிறுபான்மையினரின் கருத்தையும் ஆணைக்குழு கேட்கும் என்று லண்டன் சொன்னதும் டி. எஸ். சேனநாயக்காவும் மற்ற அமைச்சர்களும் கோபித்துக்கொண்டு வரைவைத் திரும்பப் பெற்றார்கள், ஆணைக்குழுவைப் பகிஷ்கரித்தார்கள். பகிஷ்கரிப்பு வாசல் வழியாலைதான். பின்பக்கக் கதவு திறந்தே கிடந்தது. சேனநாயக்கா ஆணைக்குழுவினரைத் தனிப்பட்ட முறையில் சந்தித்தார், உபசரித்தார், தன்னுடைய நாட்டைச் சுற்றிக் காட்டினார். ஆணைக்குழு கடைசியில் சிபாரிசு செய்தது பெரும்பாலும் அமைச்சர்களின் அதே வரைவைத்தான்.

வெளிப்படையாக வந்து மணிக்கணக்காக வாதாடியவர் பொன்னம்பலம். ஐம்பதுக்கு ஐம்பது அவருடைய கோரிக்கை. சபையின் பாதி இடங்கள் சிங்களவருக்கு. மற்றப் பாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாருக்குமாகச் சேர்த்து. 1946 குடிசன மதிப்பின்படி சிங்களவர் ஏறத்தாழ 69 வீதம். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வெளியார் ஒருவருக்கு ஐம்பதுக்கு ஐம்பது நியாயமாகப் படாதது ஆச்சரியம் இல்லை. ஆணைக்குழு அதை நிராகரித்தது.

அதற்குப் பதிலாக அவர்கள் தந்தது இரண்டு. ஒன்று, தொகுதிக் கணக்கு. 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் மேலதிகமாக ஒன்று. சனம் ஐதாக இருக்கிற வடக்கு கிழக்குக்கு இதனால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பது எண்ணம். மொத்தம் 95 பேர் தெரிவாவார்கள், 6 பேர் நியமனம். சபை 101 பேர்.

மற்றது, 29ஆம் பிரிவு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தையோ, மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகையையோ குடுக்கிற சட்டத்தை நாடாளுமன்றம் செய்யக்கூடாது. செய்தால் அது செல்லாது. 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்திலும் மத விசயத்தில் இதே சாடையான ஒரு தடை இருந்தது.

1945 நவம்பரில் இந்த ஏற்பாட்டை அரசாங்க சபை 51க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. பொன்னம்பலம் அப்போது லண்டனில் நின்றார். சபையில் இருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்த்த மூவர் டபிள்யூ. தகநாயக்க, ஐ. எக்ஸ். பெரைரா, கோ. நடேசய்யர். பின்னைய இருவரும் இந்திய வம்சாவளியினரின் பிரதிநிதிகள். யாருக்கு முதலில் அடி விழும் என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள்.

எழுதினவர் கண்ணுக்கு முன்னால்

வழமையாக ஆணைக்குழுத் தலைவர்கள் அறிக்கை எழுதிப்போட்டு வீட்டை போவார்கள். சோல்பரி திரும்பி வந்தார். 1949 ஜூலையில் இலங்கையின் மகாதேசாதிபதியாகப் பதவியேற்று 1954 வரை இருந்தார். தான் கட்டின வீட்டில் ஐந்து வருசம் தானே குடியிருந்தார் எண்டு சொல்லலாம்.

அவர் வருவதற்கு முதலே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. தானும் தகப்பனும், அல்லது தகப்பனும் பேரனும் இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டிய சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவுத் துண்டு வைத்திருந்தார்கள்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றார்கள். இந்தத் திருத்தம், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், சோல்பரி மகாதேசாதிபதியாக இருந்தபோதே நிறைவேறியது. சட்டமூலங்களுக்கு அரசரின் பெயரால் ஒப்புதல் குடுக்கிற கதிரை அது. பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பதுதான் அந்தக் கதிரையின் மரபு. அவரும் மரபு அறிந்த மனுசன்.

யார் இந்த வாக்கை இழந்தவர்கள்? 1946 குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம். 'இலங்கைத் தமிழர்' ஏறத்தாழ 7 லட்சத்து 33 ஆயிரம். அதாவது அந்த நேரம் இந்தத் தீவில் தமிழரில் கூடப் பேர் மலையகத்தில்தான் இருந்தார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்று சபைக்கு வந்தார்கள். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அது தொகுதிக் கணக்கில். ஆசனங்கள் மொத்தச் சனத்தொகையை வைத்துப் பிரிக்கப்பட்டவை, வாக்காளர் தொகையை வைத்து இல்லை. ஆகவே வாக்கில்லாத தோட்டத் தொழிலாளரும் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களின் தலையை எண்ணி வந்த ஆசனங்களை, பக்கத்தில் இருந்த சிங்கள வாக்காளர்கள் மட்டும் நிரப்பினார்கள். சிறுபான்மைக்குக் கைகுடுக்கப் போட்ட கணக்கு, சிறுபான்மையின் தலையை எண்ணிப் பெரும்பான்மைக்கு ஆசனம் குடுக்கிற கணக்காக மாறியது.

இங்கே எங்கள் பக்கத்தையும் ஒருக்கால் பார்க்க வேணும். எல்லாச் சிறுபான்மைக்கும் சேர்த்து ஐம்பது கேட்ட பொன்னம்பலம், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். பிறகு சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதன் பிறகு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை ஆதரித்தார். இதை ஏற்காமல் பிரிந்த செல்வநாயகமும் மற்றவர்களும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். "சோல்பரி ஏமாத்தினான்" என்று கதைக்கும்போது இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப்போட்டுக் கதைக்க ஏலாது.

பிரிவு கோட்டுக்குப் போனபோது

சரி, 29ஆம் பிரிவு எங்கே போனது? அது கோட்டுக்குப் போனது. கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு, கோடாகன்பிள்ளை வழக்கு. இந்தச் சட்டங்கள் ஒரு இனத்தைக் குறிவைத்தவை, ஆகவே 29ஆம் பிரிவின்படி செல்லாதவை என்பது வாதம். 1951இல் உச்ச நீதிமன்றமும் 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதை ஏற்கவில்லை. ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது அதன் இயல்பான அதிகாரம், சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல் இல்லைத்தான். ஆனால் அதால் நாடற்றுப் போனவர்கள் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றம் வாசகத்தைப் பார்த்தது, விளைவைப் பார்க்கவில்லை. 29ஆம் பிரிவின் முதுகெலும்பு அன்றைக்கே முறிந்தது.

பிறகு 1956. தனிச் சிங்களச் சட்டம். அதை வைத்து, சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது: அந்தச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசு மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி, முக்கியமான கேள்வியைத் தொடாமலே அதை மாற்றியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், வழக்குப் போடலாம், யாப்புக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விசாரிக்கவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு போகிற வழி மூடப்பட்டது. 1972 மே மாதம் வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

அதே 1972 மார்ச்சில்தான் பெல்பாஸ்ட் நாடாளுமன்றத்தையும் லண்டன் இடைநிறுத்தியது. அங்கேயும் மதப் பாரபட்சத்தைத் தடுக்கும் வாசகம் 50 வருசம் சட்டத்தில் இருந்தது, கத்தோலிக்கர்களின் குறையும் 50 வருசம் இருந்தது.

பிந்தி வந்த யோசனை

1954இல் இங்கிலாந்து திரும்பிய சோல்பரிக்கு விஸ்கவுண்ட் பட்டம் கிடைத்தது. நாட்டை விட்டுப் போன இரண்டு வருசத்தில் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் இனக் கலவரம். 1963இல் கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பார்மர், பிளவுண்ட இலங்கை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் சோல்பரி.

அதில் அவர் இரண்டு விசயம் சொன்னார். இனங்களுக்கிடையிலான பழைய பகை பற்றித் தங்கள் ஆணைக்குழுவுக்கு மேலோட்டமான அறிவுதான் இருந்தது, இந்தப் புத்தகம் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருக்க மாட்டோம் என்பது ஒன்று. இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் உள்ளதுபோல அடிப்படை உரிமைகளை யாப்பில் உறுதியாகப் பதிக்கச் சிபாரிசு செய்யாமல் விட்டது வருந்தத்தக்கது என்பது மற்றது.

பதவியில் இருந்து போன பிறகு இப்படிச் சொல்வது சுகம் எண்டு நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு யாப்பைத் தந்தவர் அதன் ஓட்டை எங்கே என்று தன் கையாலேயே எழுதிவைப்பது அடிக்கடி நடக்கிறதில்லை. அவர் 1971 ஜனவரியில் இறந்தார். தன் பெயரில் இருந்த யாப்பு செத்ததை அவர் பார்க்கவில்லை, 16 மாதம் முந்திப் போய்விட்டார்.

வேட்டி கட்டின விஸ்கவுண்ட்

குடும்பக் கதை இன்னொரு பக்கம் போனது. சோல்பரியின் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொத்தம் இலங்கைக்கு வந்து கொழும்புத்துறை யோகர் சுவாமியின் சீடரானார். வேட்டி கட்டி, சைவராகி, சந்தசுவாமி என்ற பெயரில் இங்கே வாழ்ந்தார். யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையத்தோடு தொடர்புள்ள வயது போன ஆக்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தகப்பன் இறந்ததும் விஸ்கவுண்ட் பட்டம் முறைப்படி அவருக்குப் போனது. 1971 முதல் 2004இல் அவர் காலமாகும் வரை, 33 வருசம், சோல்பரிப் பிரபு என்பவர் யோகர் சுவாமியின் ஒரு அடியார். இளைய மகன் பீட்டர் வோஷிங்டனில் பிரித்தானியத் தூதுவராக இருந்தவர். தமையனுக்குப் பிறகு பட்டம் அவருக்குப் போனது.

தகப்பன் இந்த மண்ணில் நின்று விசாரித்தது நூறு நாள் அளவில். மகன் வந்து இருந்துவிட்டார். மகன் கற்றது ஆன்மீகம், அரசியல் இல்லை, ஆகவே இதில் பாடம் பிழிந்து எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஊரை அறிவதற்கு எவ்வளவு காலம் வேணும் என்ற கேள்வியை இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தவிர்க்க முடியவில்லை.

இனி எங்களுக்கு

சோல்பரி தவறவிட்டது என்று வருந்திய அடிப்படை உரிமைகள் அத்தியாயம் இப்போதைய 1978 யாப்பில் இருக்கிறது. அப்போ பிரச்சினை தீர்ந்துதோ? வாசித்துப் பாருங்கோ. உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அதுவும் நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டும். ஒரு சட்டமூலத்தை அது நிறைவேற முதல் சில நாள் இடைவெளிக்குள் சவாலுக்கு உட்படுத்தலாம். நிறைவேறி சபாநாயகர் கையெழுத்து வைத்தபின், 80(3)ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. 29ஆம் பிரிவாவது, நிறைவேறின சட்டத்தையும் கோட்டில் நிறுத்த விட்டது. பலன் இல்லாமல் போனாலும் கோடாகன்பிள்ளையும் கோடீஸ்வரனும் படியேற ஒரு வாசல் இருந்தது. இன்றைய யாப்பில் அந்த வாசலைக் காணேல்லை.

ஒவ்வொரு தேர்தலுக்கும் புது யாப்பு வருகுது எண்டு கதை வரும். ஒற்றையாட்சியா சமஷ்டியா என்ற சொல்லைத் தேடித்தான் நாங்கள் முதல் பக்கத்தைப் புரட்டுவோம். அது முக்கியம்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் சோல்பரியின் கதை தெரிந்த ஒராள் இன்னும் மூன்று இடத்தைப் புரட்டிப் பார்க்க வேணும். நிறைவேறின சட்டத்தை ஒரு சாதாரண ஆள் கோட்டில் கேள்வி கேட்க முடியுமோ? கேட்டால் கோடு வாசகத்தை மட்டும் பார்க்குமோ, விளைவையும் பார்க்குமோ? இந்தப் பாதுகாப்பைத் தூக்கியெறிய எத்தனை பேர் கையுயர்த்த வேணும், அதில் பாதிக்கப்படுகிறவர்களின் கை கணக்கில் வருமோ?

இந்த மூன்றுக்கும் ஒழுங்கான விடை இல்லாமல் 'நல்லவர்கள் ஆட்சிக்கு வந்திருக்கிறார்கள், நம்புங்கோ' என்று யாராவது சொன்னால், 1945இல் 51 பேர் நம்பினதையும் மூன்று பேர் நம்பாததையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கோ.